ஓடைப்பாலத்து உப்பு

தருவைகுளத்துக்கு வடக்கே, உப்பளங்கள் முடிகிற இடத்தில் மிக்கேல்கரை என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் கடல் ஒத்துக்கொள்ளாத ஆண்பிள்ளை ஒருத்தன் உண்டென்றால் அது பாஸ்கல்தான். அப்பா, சித்தப்பா, அக்காள் புருஷன் எல்லாரும் வள்ளத்தில் போய் வலை போட்டுப் பிழைக்கிறவர்கள். மீசை அரும்புகிற வயதில் பாஸ்கலையும் ஏற்றிப் பார்த்தார்கள். கோயில் கோபுரம் கண்ணுக்கு மறைவதற்குள் குடலே வெளியே வந்துவிடுகிற மாதிரி ஓங்கரித்தான். போகப்போகப் பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை. "ஏலே, நீ கரையிலயே நின்னு மீனைப் பேரு சொல்லிக் கூப்பிடு, வந்தாலும் வரும்" என்று ஊரே கேலி பேசியது. அவனும் சிரித்துக்கொண்டே போய் லாரியில் கிளீனராக ஏறினான். நிலத்தில் எவ்வளவு குலுக்கினாலும் அவன் வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அவனுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல். டிப்பர் லாரி ஓட்டுகிறான். ரோட்டோரம் சிலுவை நிற்கிற குருசடியைக் கண்டால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வான். வண்டி ஓட்டும்போது பாட்டுக் கேட்க மாட்டான், எஞ்சின் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டுமாம். மற்றபடி சாதாரண ஆள். ஆனால் ஒரு காரியம் சரி என்று மனசில் விழுந்துவிட்டால் அதிலிருந்து அவனை நகர்த்த முடியாது. ஏஞ்சலினைப் பெண் கேட்டுப் போனபோது, கடலுக்குப் போகாதவனுக்குப் பெண் கிடையாது என்று அவள் அப்பா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பாஸ்கல் சண்டை போடவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் அவர் வாசலில் போய் நின்று அதே கேள்வியைக் கேட்டான். ஏறக்குறைய ஒரு வருஷம் கேட்டான். கடைசியில் மனுஷர் சலித்துப்போய்ச் சரி என்றார்.

மிக்கேல்கரையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. வள்ளங்களை ஏற்றி வைக்க இருந்த மணல் போனது, வலை உலர்த்துகிற இடம் போனது, பிறகு அலை வீடுகளைப் பார்க்க ஆரம்பித்தது. முதல் வரிசையில் பாஸ்கலின் அக்கா கிளாடிஸ் வீடு. கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டுத் தாருங்கள், அலையின் வேகம் அதில் உடையட்டும் என்று ஊர் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தது. கேட்டுக் கேட்டு வாய் வலித்த பிறகு ஒருவழியாக வேலை தொடங்கியது. வளைவுக்கு ஆளுயரக் கற்கள் வேண்டும். கற்கள் எங்கே இருக்கின்றன? அம்பாசமுத்திரம் தாண்டி, மேற்கே மலையடிவாரத்துக் குவாரியில். கல் ஏற்றிவரும் வேலை பாஸ்கலுக்கும் இன்னும் சில கரைக்கார டிரைவர்களுக்கும் கிடைத்தது. கடல் ஒத்துக்கொள்ளாதவன் கடலுக்கே அணை கட்டக் கல் கொண்டு வருகிறான் என்று, அதுவரை கேலி பேசினவர்கள் டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். உண்மையைச் சொன்னால் பாஸ்கலுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

மலைக்குப் போகும்போது வண்டி காலி. காலி வண்டியை அவ்வளவு தூரம் ஓட்ட எந்த டிரைவருக்குத்தான் மனசு வரும்? மலையடிவாரம் முழுக்கத் தென்னந்தோப்பு. மரத்து மூட்டில் உப்புப் போட்டால் நன்றாகக் காய் பிடிக்கும் என்று தோப்புக்காரர்கள் உப்புக் கேட்பார்கள். தூத்துக்குடிப் பக்கத்தில் உப்புக்கா பஞ்சம்? சமையலுக்கு ஆகாத அழுக்கு உப்பை அளத்திலிருந்து வாரிப் போட்டுக்கொண்டு போய்த் தோப்பில் தட்டிவிட்டு, அப்புறம் குவாரிக்குப் போவார்கள். ஆனால் உப்புத் தங்கின இரும்பு உருப்படாது. அதைக் கடற்கரைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோப்புக்கும் குவாரிக்கும் நடுவில் ஓர் ஓடை, அதன்மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்தை ஒட்டி வண்டியை நிறுத்தி, பின்பலகையைத் திறந்து, ஓடையில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றிக் கழுவுவார்கள். கரைக்கு வந்ததும் வள்ளத்தின் உள்பலகையைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது அந்த ஊர்ப் பழக்கம். கடலுக்குப் போகாத பாஸ்கலுக்கும் அது ரத்தத்தில் இருந்தது. மலைப்பக்கத்து டிரைவர்கள் யாரும் இப்படி மெனக்கெட மாட்டார்கள். கரைக்காரன் மட்டும் கழுவுவான், கழுவின தண்ணீர் ரோட்டில் வழிந்து பாலத்தோரத்து மண்ணில் சுவறும். அந்தச் சுத்தம்தான் வினையாக வந்தது.

பாஸ்கல் கிளீனராக அந்தப் பக்கம் போய்வந்த பழைய காலத்தில் ஆனைகள் மலையிலிருந்து கீழே குளத்துக்கு இறங்க எத்தனையோ வழிகள் இருந்தன. எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் ஒரு பக்கம் வாழைக்குக் கரண்டு வேலி வந்தது. இன்னொரு பக்கம், மலைக்காற்று வாங்க வருகிறவர்களுக்காக யாரோ ஒரு பணக்காரர் விடுதி கட்டி நீளமாக மதில் எழுப்பினார். அதற்கு மேலே குவாரி. எல்லாருக்கும் மலை வேண்டியிருக்கிறது. வீடு கட்ட வேண்டும், நாலு வழிச் சாலை போட வேண்டும், ஜல்லி வேண்டும், ஆற்றுமணல் கிடைக்கவில்லை என்றால் கல்லை அரைத்து மணலாக்க வேண்டும், கடைசியில் மிக்கேல்கரைக்குத் தூண்டில் வளைவும் வேண்டும். கேட்கிறவர்கள் யாரும் பொல்லாதவர்கள் இல்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு முடிவும் இல்லை. இப்படி எல்லாரும் கேட்டு வாங்கினது போக ஆனைக்கு மிஞ்சினது அந்த ஓடை ஒன்றுதான். குளத்துக்குப் போகவும் மலைக்குத் திரும்பவும் பாலத்தோரம் ரோட்டைக் கடந்தாக வேண்டும். பகலெல்லாம் லாரி ஓடும். பொழுது சாய்ந்த பிறகு ஆனை கடக்கும். அப்படித்தான் இரண்டும் மோதிக்கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது.

அலையைக் கிளப்பிவிடுகிற வாடைக்காற்று தொடங்குமுன் வளைவு முடிந்தாக வேண்டுமே என்று ஊருக்கு அவசரம் வந்தது. ஊர்க் கமிட்டித் தலைவர் கிளாட்வின் ஒரு வேனைப் பிடித்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், ராத்திரியும் லோடு அடியுங்கள் என்று குவாரியில் கேட்டார். குவாரிக்காரர்களுக்கு என்ன, பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அன்றிலிருந்து ராவும் பகலும் வண்டி ஓடியது. பாஸ்கலும் ஓட்டினான்.

ஒரு நாள் காலை, நன்றாக விடிந்த பிறகு, அவன் பாலத்தருகே வந்தபோது ஜெனிஸின் லாரி முன்கண்ணாடி நொறுங்கி ஓரமாக நின்றது. ஜெனிஸ் அதே ஊர்க்காரன், பாஸ்கலுக்குப் பிறகு லாரிக்கு வந்தவன். கீழே உட்கார்ந்திருந்தான். 

"ராத்திரி ஆனைக்குட்டிய அடிச்சிட்டேண்ணே" என்றான். "ரோட்டு முடுக்குல திரும்புனா நட்ட நடு ரோட்டுல நிக்கு. தலையத் தூக்கவே இல்ல. தரைய நக்கிக்கிட்டே நின்னுச்சு. நான் பிரேக்க அமுக்குனேன், கல்லு லோடு எங்க நிக்கும்?"

"குட்டி எங்க?"

"தாய் முட்டி முட்டித் தள்ளிக்கிட்டுப் போயிருச்சு. போறதுக்கு முன்னால வண்டிக்கு ஒரு இடி. என்னையும் இடிச்சிருக்கலாம். இடிக்கல."

ரோட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. வனத்துறை ஆட்கள் வந்து தடம் பார்த்து உள்ளே போய்த் திரும்பினார்கள். குட்டி பிழைத்துக்கொள்ளும், ஆனால் பின்னங்கால் ஒன்று இனி நொண்டித்தான் போகும் என்றார்கள். ஜெனிஸ் அதைக் கேட்டு அழுதான். பாஸ்கலுக்கு வேறொரு வார்த்தை மனசில் மாட்டிக்கொண்டது. தரையை நக்கிக்கொண்டு நின்றதாம். ரோட்டில் நக்க என்ன இருக்கிறது?

பாலத்தோரம் இறங்கிப் பார்த்தான். அவர்கள் வண்டி கழுவுகிற இடத்தில் மண் முழங்கால் ஆழத்துக்குப் பறிக்கப்பட்டிருந்தது. காலால் கிளறின தடம், கொம்பால் குத்தின தடம், சுற்றிலும் பழையதும் புதியதுமாய் ஆனை லத்தி. தள்ளி, ஓடையின் மறுகரையில், மண்ணைப் பறித்த தடம் ஒன்றும் இல்லை. அவன் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தான். பிறந்த நாளிலிருந்து தெரிந்த ருசி. மிக்கேல்கரை அளத்து உப்பு. ரோட்டைக் கடந்து போய்விடுகிற ஆனையை ரோட்டிலேயே நிற்க வைத்தது யார் என்று அப்போது தெரிந்தது. அவமானத்தில் அவனுக்குக் காது சூடாகிவிட்டது.

குவாரி மேற்பார்வையாளர் ஆறுமுகநயினாரிடம் போனான். அவர் போனில் யாருக்கோ அகழி வெட்ட ஜேசிபி சொல்லிக்கொண்டிருந்தார். ஓடைக்கு மேலே குவாரியின் பட்டா நிலத்தில் குறுக்கே ஆழமாய் வெட்டிவிட்டால் ஆனை இறங்கவே முடியாது, ராத்திரி லோடுக்கும் தொந்தரவு இருக்காது என்பது முதலாளி போட்ட திட்டம்.

"அண்ணாச்சி, அகழி வேண்டாம்" என்றான் பாஸ்கல். "அதுக்கு இருக்கது அந்த ஒரு வழிதான். அத அடைச்சா தண்ணிக்கு எங்க போகும்? ஆனை மேல தப்பே இல்ல. நாங்கதான் வண்டியக் கழுவி அங்கன உப்பப் பரப்பி வச்சிருக்கோம்."

ஆறுமுகநயினார் அவன் சொன்னதை முழுக்கக் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை. "உப்ப இன்னையோட நிறுத்து, நல்லது. ஆனா ராத்திரி வண்டி ஓடுத வரைக்கும் அகழி வேணும். நாளைக்கு ஆளு செத்தா யாரு பதில் சொல்லுவா?"

"அப்ப ராத்திரி லோட நிறுத்துங்க."

"ஏன் தம்பி, ராத்திரி லோடு நானா கேட்டேன்? உங்க ஊர்க்காரங்கதான் வேன் பிடிச்சு வந்து கேட்டாங்க. அவங்க வாயாலயே வேண்டாம்னு சொல்லட்டும், முதலாளிகிட்ட நான் பேசுதேன். திங்கக்கிழம ஜேசிபி வருது. அதுக்குள்ள சொல்லச் சொல்லு."

பாஸ்கல் ஊருக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். ஏஞ்சலின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே குழம்பு ஊற்றினாள்.

"உங்க அக்கா வீட்டுப் படியில அலை ஏறுது. அங்க போயா ராத்திரிக் கல்லு வேண்டாம்னு சொல்லப் போறிய?"

"அங்கனதான் முதல்ல சொல்லணும்."

"அடிக்க வருவாங்க."

"அடிக்கட்டும். அடிச்சு முடிச்ச பொறவு சொல்லுதேன்."

ஏஞ்சலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா வாசலில் வாரா வாரம் வந்து நின்ற ஆள்தானே இது என்று அவளுக்குத் தெரியும். தடுத்துப் பயனில்லை என்று இன்னொரு துண்டு மீனை எடுத்து வைத்தாள்.

கிளாடிஸ் வீட்டு வாசலில் மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தம்பியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கல் கொண்டுவருகிற தம்பி அல்லவா. அவன் சொல்லச் சொல்ல அந்த மலர்ச்சி போய்விட்டது. மூட்டையைக் கீழே போட்டாள்.

"ஆனைக்கு அம்புட்டு மலை கெடக்குல. எனக்கு இந்த ரெண்டு ரூம்பத் தவிர என்ன கெடக்கு?"

"அம்புட்டு மலையும் இப்ப இல்லக்கா. அதத்தான் லாரி லாரியா நம்ம ஊருல கொண்டு வந்து கொட்டிக்கிட்டு இருக்கோம்."

"அப்ப கொட்டாத. என் வீடு போட்டும். உனக்கு அதான வேணும்?"

"வீடும் வேணும், வளைவும் வேணும். பகல்ல கொட்டுவோம்ங்கேன். வாடைக்குள்ள முடியாமப் போனாலும் போகும். அத மறைக்காமச் சொல்லத்தான் உங்கிட்ட முதல்ல வந்தேன்."

 அம்மா செத்த பிறகு அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் அவள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாஸ்கல் வாசலில் கிடந்த மூட்டைகளை அடுக்கி முடித்துவிட்டு வந்தான். 

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. பாஸ்கல் என்ன பேசப் போகிறான் என்பது அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. கிளாட்வின் அவனைப் பேசவே விடவில்லை.

"வருஷக்கணக்கா அலைஞ்சு வாங்குன வேலைல்லா இது. நீ ஆனைய நெனச்சு அழுதுக்கிட்டு நிக்க. கடல்ல கால் வைக்காதவனுக்குக் கடல் அடிச்சா என்னன்னு எப்படித் தெரியும்?"

கூட்டம் சிரித்தது. பாஸ்கல் சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றான். முதலில் உப்பு விஷயத்தைச் சொன்னான். ஒளிக்காமல், தான் எத்தனையோ தடவை அந்த இடத்தில் வண்டி கழுவினதையும் சேர்த்துச் சொன்னான். ஜெனிஸ் எழுந்து, குட்டி நக்கிக்கொண்டு நின்றதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான்.

"இரை வச்சுக் கூப்பிட்டிருக்கோம்" என்றான் பாஸ்கல். "வந்துச்சு. வந்ததை வண்டிய விட்டு அடிச்சிட்டோம். இப்ப வரவே கூடாதுன்னு வழிய அடைக்கப் போறாங்க. அதுவும் நம்ம பேரச் சொல்லி."

"அதுக்கு என்ன செய்யச் சொல்லுத?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் கடலுக்குப் போகாதவன்தான். அதனால கடலுக்குப் போறவங்களத்தான் கேக்கேன். விசைப்படகு ராத்திரியெல்லாம் ஓடி நம்ம வலைய அறுத்துப் போட்டுச்சே, அப்ப நாம என்ன கேட்டோம்? கடலையே விட்டுட்டுப் போன்னா கேட்டோம்? விடியக்காலம் போங்க, ராத்திரி ஒம்பதுக்குள்ள கரைக்கு வந்துருங்க, ராத்திரிய வள்ளக்காரனுக்கு விடுங்கன்னுதான கேட்டோம். ரோட்டுல உக்காந்தோம், போலீஸ் வண்டியில ஏறுனோம். எங்க அத்தான் மண்டை உடைஞ்சு கெடந்தாரு. அந்த நேரத்த வாங்குறதுக்கு."

"ஏலே, ஆனையும் விசைப்படகும் ஒண்ணா?" என்றார் கிளாட்வின்.

"ஒண்ணு இல்ல. மலையில விசைப்படகு நாமதான். ஆனைதான் வள்ளக்காரன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் வலை அறுபடாதவர் ஒருத்தர்கூட இல்லை. விசைப்படகுக்காரர்கள் அன்றைக்கு, நாங்கள் என்ன திருடவா போகிறோம், நாங்களும் பிழைக்க வேண்டாமா என்று கேட்டபோது எவ்வளவு எரிந்தது என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அதே வார்த்தையை இப்போது தங்கள் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அது சுகமான காரியமா?

கிளாட்வின் இறங்கி வந்துதான் பேசினார். ஆனாலும் விடவில்லை. "சரி, பகல்ல மட்டும் கல்லு வருது, அதுக்குள்ள வாடை வந்துருது. வீடு விழுந்தா?"

"விழலாம். விழாதுன்னு நான் சொல்ல மாட்டேன். பகல்ல நாங்க எல்லா டிரைவரும் ஒரு நடை கூட அடிக்கோம். உப்பு லோடு இல்லைன்னா அந்த நேரம் மிச்சம். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

கை தூக்கச் சொன்னார்கள். எல்லாரும் தூக்கவில்லை. முதல் வரிசை வீட்டுக்காரர்கள் பலரும் கையைக் கட்டிக்கொண்டே நின்றார்கள், அவர்களைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனாலும் தூக்கினவர்கள் அதிகம். கிளாட்வின் அங்கேயே ஆறுமுகநயினாருக்குப் போன் போட்டு, ராத்திரி லோடு வேண்டாம் என்று ஊர் சொல்கிறது என்றார். கிளாடிஸ் கை தூக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தம்பியைப் பார்க்காமல் அவனைத் தாண்டிப் போனாள்.

திங்கட்கிழமை ஜேசிபி வந்து நின்றது. அகழி இல்லை என்று ஆகிவிட்டது, வந்த வண்டியைச் சும்மா அனுப்புவானேன் என்று பாஸ்கல் ஆறுமுகநயினாரிடம் கெஞ்சி அதைப் பாலத்துக்குக் கொண்டு போனான். உப்புச் சுவறின மண்ணை அடிவரை சுரண்டி எடுத்தார்கள். பள்ளத்தில் ஓடைக்கு மேல்கரையிலிருந்து நல்ல மண்ணை வெட்டிப் போட்டுக் கெட்டியாகக் குத்தி விட்டார்கள். சுரண்டின மண்ணை என்ன செய்வது? காட்டில் கொட்டினால் அங்கே போய் நக்கும். இரண்டு லாரியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடி, அவ்வளவு தூரமும் கொண்டு வந்து அளத்து வரப்பில் கொட்டினார்கள். அளத்துக்காரர் இதென்ன கூத்து என்று கேட்டார். உங்கள் சரக்குத்தான், திருப்பிக் கொடுக்கிறோம் என்றான் பாஸ்கல்.

அதன் பிறகு அவன் ஓட்டின ஓட்டம் சொல்லி முடியாது. விடிந்ததும் குவாரி வாசலில் நிற்பான். பொழுது சாய்வதற்குள் கடைசி நடையோடு பாலத்தைத் தாண்டியிருப்பான். கொஞ்சம் பிந்தினாலும் வண்டியைக் குவாரிக்குள்ளேயே போட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொள்வான். ஒருமுறை வெளியூர் டிரைவர் ஒருவன் இருட்டின பிறகு கிளம்பப் பார்த்தபோது, பாஸ்கல் தன் டிப்பரைக் குறுக்கே நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான். வந்தவன் கத்தித் தீர்த்துவிட்டுத் தானும் படுத்துக்கொண்டான். பாஸ்கல் இளைத்துப் போனான். ஏஞ்சலின் புலம்பினாள். அக்கா பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் பக்கத்துச் சந்தில் திரும்பிப் போனாள். குலுங்கிக் குலுங்கி இடுப்பு வலித்ததெல்லாம் அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் சந்தில் திரும்புவதுதான் வலித்தது. ஆனால் அதற்காக ஒரு நாளும் ராத்திரியில் வண்டியை எடுக்கவில்லை.

வளைவு முடியவில்லை. முக்கால்வாசி நீண்டிருந்தபோது வாடை வந்துவிட்டது. முதல் பெரிய அலையிலேயே கிளாடிஸ் வீட்டின் சமையல்கட்டுச் சுவர் சரிந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. பாத்திரம் பண்டமெல்லாம் கடலோடு போனது. செய்தி வந்தபோது பாஸ்கல் குவாரியில் இருந்தான். மாலை ஆகியிருந்தது. கல் ஏற்றியாகிவிட்டது. போன் செய்தவர்கள் எல்லாரும் ஒன்றுதான் கேட்டார்கள். அலை உள்ளே வருகிற இடத்தில் நாலு லோடு பெரிய கல் போட்டால் மிச்ச வீடு தப்பும், எப்போது வருகிறாய்? காலையில் வருகிறேன் என்றான். சிலர் திட்டினார்கள். அவன் கேட்டுக்கொண்டான். வண்டிக்குள் உட்கார்ந்து அழுதான். ஆனால் சாவியைத் தொடவில்லை.

விடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பினான். பின்னால் ஜெனிஸும் மற்றவர்களும். மழை விட்டிருந்தது. பாலத்துக்கு வந்தால் ஆனைகள் நின்றன. எப்போதும் விடியுமுன் மலையேறிவிடும். மழையில் ஓடை பெருகிக் கிடந்ததால் பிந்திவிட்டது. பாஸ்கல் எஞ்சினை நிறுத்தினான். பின்னால் ஒருத்தன் ஆரன் அடித்தான். பாஸ்கல் இறங்கிப் போய் அவன் ஜன்னலருகே நின்று ஒரு பார்வை பார்த்தான், சத்தம் நின்றது. ஆனைகள் ஒவ்வொன்றாக ஓடையிலிருந்து ஏறி, புதிதாகக் குத்திவிட்ட மண்ணில் மூக்கைக்கூட வைக்காமல் ரோட்டைக் கடந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால் குட்டி. பின்னங்காலை இழுத்து இழுத்து வந்தது. சரிவில் ஏறும், வழுக்கும், மறுபடி ஏறும். தாய் தும்பிக்கையால் தாங்கிக்கொண்டு நின்றது.

போன் அடித்தது. கிளாடிஸ். ஊர்க்கூட்டத்துக்குப் பிறகு அவள் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

"ஏலே, எங்கன நிக்க?"

"ஓடைப்பாலத்துலக்கா. ஆனை கடக்கு."

போனில் அலைச் சத்தம் கேட்டது. ஆட்கள் கத்துவதும் கேட்டது.

"இங்கன எல்லாரும் கல்லுக்குக் காத்துக்கிட்டு நிக்காங்க. அடுத்தது படுக்குற ரூம்பு."

"தெரியும்க்கா."

"ஆரன் அடிச்சா ஓடிராதா?"

"மத்ததெல்லாம் ஓடும். அடிபட்ட குட்டி கடைசில வருது. அதால ஓட முடியாது."

 போனை வைத்துவிட்டாளோ என்று பாஸ்கல் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். வைக்கவில்லை.

"தாய் கூட இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. தாங்கிக்கிட்டு நிக்கு."

மறுபடியும் அலைச் சத்தம். பிறகு அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, அங்கே கத்திக்கொண்டிருந்தவர்களிடம் சத்தமாகச் சொன்னது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"கொஞ்சம் பொறுங்க. வருவான். வழியில ஆளு கடக்காங்க."